கோவை வைக்கும் இடம்

ஏடுகளையும் பத்திரங்களையும் வைப்பதற்கு நம்மவர் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ‘அலுமாரி’ போர்த்துக்கேயர் தந்த சொல். ‘கந்தோர்’ ஒல்லாந்தருடையது, மேசையின் ‘லாச்சி’யும் அவர்களுடையதே. காணிப் பதிவேடாகிய ‘தோம்பு’ போர்த்துக்கேயரோடு வந்து ஒல்லாந்தர் காலத்தில் நிலைபெற்றது. ‘கச்சேரி’ வடநாட்டு மொழியிலிருந்து ஆங்கிலேயரின் கைப்பிடித்து இங்கு வந்து சேர்ந்தது. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவர்களும், 1658 இல் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டவர்களும், 1795 இல் இவர்களையும் வெளியேற்றியவர்களும் மொழியாலும் மதப் பிரிவாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒரு காரியத்தில் மூவரும் ஒருமனப்பட்டிருந்தனர். எழுத்தில் உள்ளதை ஓரிடத்தில் வைத்துப் பூட்டவேண்டும் என்பதே அது. வரி வாங்குகிறவனுக்கு அந்த அருமை தெரியாமல் இராது.

நம் முன்னோர் ஏடு வைத்த முறை வேறு. இறப்பிற் செருகிய ஏடு, பரணிற் கிடந்த ஏடு, பெட்டகத்துள் துணி சுற்றி வைத்த ஏடு என்று அவை ஊரெங்கும் பரந்து கிடந்தன. வைத்தியர் வீட்டில் வாகடம். சோதிடர் வீட்டில் கணிதம். புலவர் வீட்டில் புராணமும் நிகண்டும். எங்கே எது உண்டென்பது ஊரவர்க்குத் தெரியும். எல்லாம் உள்ள ஓரிடம் என்பது மட்டும் இல்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றுவதற்குப் பல இடத்துப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது இதனால்தான். தேடிய இடத்தில் அவை கிடைத்ததும் இதனால்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செல் ஒரு வீட்டு ஏட்டை அரித்தபோது மற்றொரு வீட்டு ஏடு தப்பியிருந்தது.

இனி எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன். பார்வைக்கு அது மிகச் சிறியது. ஒரு கந்தோரில் இருபது கணனிகள் ஒரே வலையமைப்பிற் பூட்டப்பட்டிருக்கின்றன. அங்கே பணிபுரியும் ஒருவர் தாம் எழுதிய கடிதத்தை, தாம் தயாரித்த பட்டியலை, எங்கே சேமித்து வைக்கலாம், எங்கே வைக்கலாகாது? அவரவர் விருப்பமா, கந்தோரின் கட்டளையா? இந்த வினாவை ஒருவரும் மேடையில் எழுப்புவதில்லை. ஆனால் ஓர் ஆசிரியையின் ஓய்வூதியமும், ஒரு விதவையின் காணியும், ஒரு மாணவனின் பெறுபேறும் இதன் விடையிலே தொங்கிக்கொண்டிருக்கின்றன.

நான் இலிகிதராகப் பணி தொடங்கிய காலத்தில் கோவை என்பது கடதாசி. அதற்கு ஓர் இலக்கம் உண்டு. ஓர் உறை உண்டு. உள்ளே கடிதங்கள் திகதி ஒழுங்கிற் கோக்கப்பட்டிருக்கும். கோக்கப்பட்டதனால் அது கோவை. (கணனிக்குள் இருப்பதை இன்று ‘கோப்பு’ என்கிறோம். சொல் ஏறத்தாழ அதுதான். ஆனால் கோக்கும் வேலையை எவரும் செய்வதாகத் தெரியவில்லை.) ஒரு கோவை காப்பறையை விட்டு வெளியே போனால் அது யாரிடம் போயிற்று என்று பதிவேட்டில் எழுதவேண்டும். இந்த ஒழுங்கு எக்காலமும் பேணப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. கோவையைத் தமது லாச்சிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பையும் கொண்டு லீவிற் போன இலிகிதரைப் பற்றி ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு கதை உண்டு. ஆயினும் அந்த லாச்சியை உடைத்தாவது கோவையை எடுத்துவிடலாம். அது மேசைக்குள்தான் இருந்தது.

கணனி வந்தபின் லாச்சி கண்ணாடித் திரைக்கு ஏறிவிட்டது. அதற்கு ‘டெஸ்க்ரொப்’ என்று பெயர். கணனியைத் திறந்தவுடன் முகத்திற்கு நேரே தெரியும் அந்த வெளியில் எதையும் போட்டுவைக்கலாம். கந்தோருக்கென்று ஒரு பொதுக் கணனி, அதாவது சேவர், இருந்தாலும், அதற்குள் நாலு கோப்புறைகளைத் திறந்து உரிய இடந்தேடி வைப்பதற்கு யாருக்குப் பொறுமை? கண்முன்னே கிடந்தால் அடுத்த நாள் எடுப்பது எளிது. இவ்வாறு ‘கடிதம்’, ‘கடிதம் புதியது’, ‘கடிதம் புதியது இறுதி’, ‘இறுதி உண்மையானது’ என்று பெயர் சூடிய கோப்புக்கள் திரையை மூடிக்கொள்கின்றன. பின்னால் உள்ள படம் தெரியாத கணனியே சுறுசுறுப்பான இலிகிதரின் கணனி என்று நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு.

இதன் பலனை நேரிற் கண்டிருக்கிறேன். கந்தோரின் பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை ஓய்வூதிய அலுவலாக வந்திருந்தார். பழைய கடிதங்கள் அனைத்தும் அவரது கையிலிருந்த பிளாஸ்ரிக் பைக்குள் இருந்தன. நியமனக் கடிதம், உறுதிப்படுத்தற் கடிதம், இடமாற்றக் கடிதங்கள் ஆகிய யாவும் ஒன்றும் குறையாமல் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்த அந்த இரவில், மழையில் நனையாதபடி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர் அவர். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: சம்பள மாற்றம் தொடர்பாகக் கந்தோரே சில மாதங்களுக்கு முன் தயாரித்த கணிப்பீடு. அதைத் தயாரித்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவருடைய கணனியின் டெஸ்க்ரொப்பில் அது இருந்தது. அந்தக் கணனியில் ஏதோ கிருமி புகுந்ததென்று, உள்ளே இருந்ததைத் துடைத்துப் புதிதாக மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். துடைத்தவர் பேரிற் குற்றமில்லை. சேவரில் எல்லாம் இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார்.

“பிள்ளை, நான் சண்டைக்குள்ளாலை கொண்டுவந்தது எல்லாம் கிடக்குது. நீங்கள் குளிரூட்டின அறைக்குள்ளை வைச்சது எப்பிடித் துலைஞ்சது?” என்று அந்த அம்மா கேட்டார். மேசைக்கு அப்பால் இருந்த இளம் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கணிப்பீட்டை மறுபடி செய்து முடிக்க ஏழு மாதங்கள் சென்றன.

இத்தகைய சம்பவங்களுக்குப் பின்னரே ‘கண்ட இடத்திற் சேமிக்கலாகாது’ என்னும் கட்டளை கந்தோர்களிற் பிறக்கிறது. முதலிற் சுற்றுநிருபம் வரும். சுற்றுநிருபத்தை அனைவரும் வாசித்து ஒப்பமிடுவர். பிறகு டெஸ்க்ரொப்பிலேயே சேமிப்பர். அதன் பின்னர்தான் வலையமைப்பைப் பராமரிக்கும் இளைஞர் அழைக்கப்படுவார்.

அவ்வாறு வந்த ஒரு தம்பியிடம் அருகில் இருந்து நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் முறையில், ஒரு கந்தோரின் கணனிகள் யாவற்றிற்கும் ஓரிடத்திலிருந்து கட்டளை விதிக்க வழி உண்டு. ‘குழுக் கொள்கை’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அதன் வாயிலாகக் கணனியின் உள்வட்டைப் பயனாளரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கலாம். ஆனால் மறைத்தல் வேறு, தடுத்தல் வேறு. மறைத்த வட்டின் முகவரியைத் தெரிந்தவர் அதைத் தட்டெழுத்திட்டு உள்ளே போய்விடுவார்; கதவின் மேல் திரைச்சீலை தொங்கவிட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையான தடை என்பது ஒவ்வொரு கோப்புறைக்கும் யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று விதிக்கும் அனுமதியில் உள்ளது. இதில் ஒரு வேடிக்கை. சாதாரண பயனாளர் ஒருவர் ‘சீ’ வட்டின் தலைவாயிலிற் புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்குவதற்கு விண்டோஸ் இயல்பாகவே இடங்கொடுத்து வைத்திருக்கிறது. முன்வாசலைப் பூட்டிக் கிணற்றடிப் படலையைத் திறந்துவிட்டது போன்ற செய்கை இது. தெரிந்தவர் அதையும் அடைப்பர்.

“அப்படியானால் எல்லா இடத்தையும் எழுதமுடியாமல் அடைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“ஐயா, அடைச்சால் கணனி மூச்சு விடாது” என்றார் தம்பி.

அவர் விளக்கியது இது. நாம் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் தனக்கென்று பல தற்காலிகக் கோப்புக்களை எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஒவ்வொரு பயனாளரின் பெயரிலும் உள்வட்டில் மறைவான ஓர் அறை உண்டு. அதற்குள் எழுத முடியாவிட்டால் அச்சிடுதல்கூட நடவாது. ஆகவே முழுத்தடை என்பது பேச்சளவில் மட்டுமே உண்டு. எங்கேயோ ஓரிடத்தில் எழுத இடம் இருந்தே தீரும். மனிதன் அதனைக் கண்டுபிடித்தே தீருவான்.

கெட்டிக்காரத்தனமான வழி வேறொன்று. தடுப்பதை விட்டுத் திருப்புவது. பயனாளர் டெஸ்க்ரொப்பிலே சேமிக்கிறார். ‘ஆவணங்கள்’ என்னும் கோப்புறையிலே சேமிக்கிறார். ஆனால் அவை இரண்டும் அவர் முன்னால் இருக்கும் கணனியில் இல்லை. சேவரில் அவர் பெயரில் உள்ள இடத்திற்கு அவை ஓசையின்றித் திருப்பிவிடப்பட்டுள்ளன. வயலுக்குப் பாயும் வாய்க்காலைத் திருப்பிவிட்டாற்போல. அவருடைய பழக்கம் மாறவில்லை. கோப்பு மட்டும் உரிய இடம் போய்ச் சேர்கிறது. அந்த ஆசிரியையின் கணிப்பீடு இவ்விதம் திருப்பப்பட்ட டெஸ்க்ரொப்பில் இருந்திருந்தால், அக்கணனியை நூறு முறை துடைத்தாலும் அழிந்திராது. மனித இயல்பை எதிர்த்து நிற்கும் விதியைக் காட்டிலும் அதனோடு சேர்ந்து நடக்கும் விதி நீடிக்கும் என்பது பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்கும் ஒரு குறை உண்டு. வலையமைப்பு நின்றால் கோப்பும் நின்றுவிடும். 1990 இற்குப் பின் ஆண்டுக்கணக்காக மின்சாரத்தைக் காணாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய குடாநாடு இது. அது பழங்கதை என்பாரும், நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட 2022 மார்ச் இறுதியை மறந்திருக்கமாட்டார்கள். சேவர் உறங்கும்போதும் வேலை நடக்கவேண்டுமாயின், ஒரு பிரதி கைக்கணனியிலும் தங்கி, இணைப்பு மீண்டபின் சேவரோடு ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அத்தகைய ஏற்பாடும் உண்டு. அதைச் செய்து தருமாறு கேட்பவர்தாம் குறைவு.

பென் டிரைவைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. அது கிருமியைக் கொண்டுவரும், இரகசியத்தைக் கொண்டுபோகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், ஊரவரின் அடையாள அட்டை இலக்கங்களைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுவது நன்றன்று.

மற்றொரு சட்டம் இதைவிட முக்கியமானது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகள் தம்மிடம் முன்னரே இருந்த பதிவேடுகளைப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமலும், புதிதாக உண்டாக்கும் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பேணவேண்டும் என்று விதிக்கிறது. இதை மனத்திற்கொண்டு பார்த்தால், அரச உத்தியோகத்தர் ஒருவர் ‘என் கணனி, என் டெஸ்க்ரொப்’ என்று சொல்வதற்கு அதிக இடமில்லை. அவர் எழுதும் கடிதம் அவருடையதன்று. கேட்டு வரும் குடிமகனுடையது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் உத்தியோகத்தர் மூன்று முறை இடமாற்றம் பெறுவார். ஒரு கணனி இரண்டு முறை செத்துப் பிறக்கும். ஆதலின் சேமிக்கும் இடத்தை வரையறுப்பது நியாயமே என்பது என் துணிபு.

ஆனால் இங்கேதான் கதை முடிவதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்திற் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. வேறெங்கும் வைக்காமல் அடைத்தாயிற்று. இனிப் பயமில்லை என்று கைகழுவுகிறார்கள். பயம் தொடங்குவதே அப்பொழுதுதான். இதற்குச் சான்றாகத் தென்கொரியாவைக் காட்டுகிறேன்.

கணனித் துறையில் உலகிற்கு வழிகாட்டும் நாடுகளுள் கொரியா ஒன்று. அந்நாட்டு அரசு தன் உத்தியோகத்தருக்கென்று ‘ஜி-டிரைவ்’ என்னும் பெயரில் ஒரு பொதுச் சேமிப்பகத்தை அமைத்தது. ஒருவருக்கு 30 கிகாபைட் இடம். 2018 இல், அலுவலகப் பத்திரங்களை மேசைக் கணனியிற் சேமியாது இப்பொதுச் சேமிப்பகத்திலேயே சேமிக்கவேண்டும் என்று வழிகாட்டல் பிறந்தது. நம் கந்தோர்களில் விரும்பப்படும் அதே விதி. விரும்பப்படும் அதே காரணம். ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் உத்தியோகத்தர் அதனைப் பயன்படுத்திவந்தனர்.

2025 செப்டெம்பர் 26 ஆந் திகதி இரவு, தேஜோன் நகரில் அந்நாட்டின் தேசியத் தகவல் வள நிலையத்தின் ஐந்தாம் மாடியில் லிதியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மின்கலம் ஒன்று தீப்பற்றியது. முற்றாக அணைக்க ஏறத்தாழ ஒரு நாள் சென்றது. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அவற்றுள் 96 தொகுதிகள் நேரடியாக எரிந்தன. எரிந்தவற்றுள் ஜி-டிரைவும் ஒன்று. அதில் இருந்தவை 858 ரெராபைட். ஒரு ரெராபைட் ஆயிரம் கிகாபைட் என்று கணக்கிட்டு அதன் பருமனை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். மற்றத் தொகுதிகள் பலவற்றிற்கு வேறிடத்திற் பிரதி இருந்தது. இதற்கு இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே வெளியே பிரதி எடுக்கும் வசதி இல்லை என்று காரணம் கூறப்பட்டது.

இதில் என் உறக்கத்தைக் கெடுத்த செய்தி தீயன்று. ஊழியர் நிர்வாகத்திற்குப் பொறுப்பான அமைச்சு அந்த விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி, யாவற்றையும் அங்கேயே வைத்திருந்தது. மற்றெல்லாரையும்விட அதிகமாக இழந்ததும் அந்த அமைச்சே. ஜி-டிரைவை அவ்வளவாகப் பயன்படுத்தாத வேறோர் அரச அலுவலகம் அதிகம் இழக்கவில்லை. பின்னர் எஞ்சியவற்றைத் தேடியபோது கைகொடுத்தவை எவை? மேசைக் கணனிகளில் தற்செயலாகத் தங்கியிருந்தவை, மின்னஞ்சலோடு அனுப்பப்பட்டவை, கடதாசியில் அச்சிட்டு வைத்தவை. அதாவது விதிக்கு வெளியே கிடந்தவை.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நிகழ்ந்ததுண்டு. ‘ரோய் ஸ்ரோரி 2’ என்னும் கேலிச்சித்திரப் படம் தயாராகிக்கொண்டிருந்த 1998 இல், யாரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி சேவரிலிருந்து அழிந்தது. காப்புப் பிரதி சரியாக வேலைசெய்யவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலைசெய்துகொண்டிருந்த கலின் சுஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணனியில் ஒரு பிரதி இருந்தமையால் படம் பிழைத்தது. கணனியைப் போர்வைகளாற் சுற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். கடுமையான விதி உள்ள கந்தோராயின் அந்த வீட்டுப் பிரதிக்கு இடமே இருந்திராது.

கொரியத் தீயைப் பற்றிப் படித்த யாழ்ப்பாணத்தவர் எவரும் வேறொரு தீயை நினையாமல் இருக்க இயலாது. க. மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்து, இரங்கநாதனின் ஆலோசனையும் நரசிம்மனின் கட்டட வரைவும் பெற்று, 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981 மே 31 இரவும் மறுநாளும் எரிந்தது. 97,000 நூல்கள் என்பது நாமெல்லாரும் அறிந்த கணக்கு. ‘ஈழநாடு’ பத்திரிகையின் காரியாலயமும் அந்நாட்களிலேயே எரியூட்டப்பட்டது. அது விபத்து, இது வன்செயல். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையன்று என்று எனக்குத் தெரியும். ஆனால் சாம்பலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அச்சு நூல்களுள் பலவற்றிற்கு உலகில் வேறு பிரதிகள் இருந்தன. தேடினால் வாங்கலாம், வாங்கினோம். வேறெங்கும் இல்லாத ஏடும் கையெழுத்துப் பிரதியும் போனவை போனவையே. பாதுகாப்பு என்று நம்பி, தம் பரணிலிருந்து எடுத்துவந்து நூலகத்திற்குக் கொடுத்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர்கள் செய்தது சரியான காரியம். சேர்த்து வைத்ததும் சரியே. இரண்டாவது பிரதி ஒன்று மட்டும் இல்லை.

அந்த இரண்டாவது பிரதியை நம் ஊர் நொத்தாரிசுமார் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள் என்பது சிறிது ஆச்சரியமான செய்தி. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி ஒரு காணி உறுதி முடிக்கப்படும்போது, மூலம் காணிக்காரரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசின் கைவசம் இருக்கும். இணைப்பிரதி அடுத்த மாதம் 15 ஆந் திகதிக்கு முன் காணிப் பதிவகத்திற்குப் போய்ச் சேரவேண்டும். மூன்று பிரதிகள், மூன்று இடங்கள், மூன்று வெவ்வேறு பொறுப்பாளர். காணிக்காரரின் வீடு எரிந்தாலும், நொத்தாரிசு இறந்தாலும், உறுதி சாவதில்லை. போர்க்காலத்தில் உறுதியை இழந்து வந்தவர்கள் பதிவகத்திற் பிரதி எடுத்துத் தம் காணிக்கு மீண்டதை நாம் கண்டோம். இன்று கணனி வல்லுநர் ‘மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடம்’ என்று புதிதாகக் கண்டுபிடித்தவர் போலக் கற்பிக்கும் சூத்திரம், உறுதி எழுதும் கந்தோரில் நூறாண்டுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது. கச்சேரிக்குப் பக்கத்திலேயே இருந்தும் நாம் அதைக் கணனிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்திப் பாராததன் விலையை இலங்கை கொடுத்தும் ஆயிற்று. 2023 ஓகஸ்ட் 26 ஆந் திகதி ‘இலங்கை அரச முகில்’ எனப்படும் பொதுச் சேமிப்பகம் கப்பம் கேட்கும் கிருமியாற் தாக்கப்பட்டது. அரசின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையவும் அவற்றுள் அடங்கும். சேவையை விரைவில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை மூன்று மாதத்திற்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. காப்புப் பிரதியும் அதே வலையமைப்பிலே தொங்கிக்கொண்டிருந்தமையால், திருடன் வீட்டோடு சேர்த்து உதிரித் திறப்பையும் கொண்டுபோனான். தயாரித்த நிறுவனமே பராமரிப்பை நிறுத்திவிட்ட பழைய மென்பொருளில் அது ஓடிக்கொண்டிருந்தது. மாற்றுவதற்கான யோசனை 2021 முதல் இருந்தும் பணம் இல்லாமையால் தாமதித்தது என்றும் கூறப்பட்டது. பணம் இல்லாத ஆண்டுகள் அவை என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, ‘இங்கே மட்டும் வை’ என்று கட்டளையிடுகிறவரிடம் அந்த ‘இங்கே’ எரிந்தால் அடுத்த நாட்காலை எங்கே பார்ப்பது என்று கேட்பதற்கு ஓர் இலிகிதருக்கு உரிமை உண்டு என்பேன். வேறிடத்தை அடைக்கும் அதிகாரம் உடையவர், வேறிடத்திற் பிரதி வைக்கும் கடமையும் உடையவர். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது, பத்தியத்தைச் சொல்லி மருந்தைக் கொடாத வைத்தியம்.

மாணவருக்கும் ஒரு சொல். பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் பலர், ஒரு வருட உழைப்பைக் கழுத்தில் தொங்கும் பென் டிரைவில் மட்டும் வைத்திருப்பதைக் காண்கிறேன். அவர்களுக்குக் கட்டளையிட எந்தக் குழுக் கொள்கையும் இல்லை. தமக்குத் தாமே நொத்தாரிசாக இருந்துகொள்ள வேண்டியதுதான். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவாக்கி 2005 முதல் உலகெங்கும் இலவசமாக வழங்கிவரும் ‘நூலகம்’ திட்டத்தை அவர்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் இருக்கும் பழைய சஞ்சிகை இதழ்களுட் பல, யாரோ ஒருவர் தம் வீட்டு இறாக்கையில் வைத்திருந்தவை. பரணில் வைக்கும் நம் பழைய வழக்கமும், ஓரிடத்திற் சேர்க்கும் கந்தோர் வழக்கமும் அங்கே கைகோத்துக்கொண்டன. தரவிறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் மேலும் ஒரு பிரதி தங்கிவிடுகிறது.

முன்னர்ச் சொன்ன தம்பி பராமரிக்கும் கந்தோரொன்றில், வெள்ளிக்கிழமை தோறும் சேவரின் பிரதி ஒரு வெளிவட்டில் எடுக்கப்பட்டு, வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்டு, திகதி எழுதி ஒட்டப்பட்டு, இரண்டு கட்டை தள்ளி உள்ள வேறொரு கட்டடத்தின் இரும்பு அலுமாரிக்குப் போகிறது. மாதத்தில் ஒருநாள் அந்த வட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் தொட்டுத் திறந்து பார்க்கிறார்கள். திறக்குமா என்று பாராத பிரதி பிரதியே அல்ல என்பது அவர் கட்சி.

சென்ற முறை நானும் போயிருந்தேன். 2009 இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் கைக்கு வந்தது. திறந்தது; ஆனால் திரையில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக ஒன்றும் விளங்காத வரிகள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தம்பி சிரித்துவிட்டு, புதிய கணனியில் இல்லாத பாமினி எழுத்துருவைத் தேடி எடுத்து ஏற்றினார். அடுத்த கணம் வரிகள் தமிழாயின. தீவுப்பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றிற்குப் பதினைந்து வாங்குகள் அனுப்புவது பற்றிய கடிதம் அது. எழுத்துருவின் கோப்பையும் அந்த வட்டிலேயே சேர்த்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்றபடியால், அதனை மறுபடி அலுமாரிக்கு அனுப்பினார்கள்.